கட்டைக் கணக்கில் ஒரு கடற்கரை

போர்ட்டிக்சனில் எந்தப் பக்கம் குளிக்கப் போனீர்கள் என்று கேட்டால் நெகிரி செம்பிலான் தமிழர் நாலாங்கட்டை என்பார்கள், எட்டாங்கட்டை என்பார்கள். மைல்கல்லுக்கு நம்மிடம் கட்டை என்று பெயர். மலாய்க்காரர்களும் பத்து அம்பாட் என்று அதே கல்லைத்தான் எண்ணுகிறார்கள். மைல் போய்க் கிலோமீட்டர் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கட்டை மட்டும் பேச்சிலிருந்து போகவில்லை. தெலுக் கெமாங், சி ருசா, பாசிர் பாஞ்சாங் என்று அழகான பெயர்கள் அந்தக் கரையில் இல்லாமல் இல்லை. ஆனாலும் மம்பாவிலோ சிலியாவிலோ ரந்தாவிலோ தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள் கடலை நினைக்கும்போது முதலில் நாக்கில் வருவது ஓர் எண். இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மலாயாவின் சாலைகளிலும் தண்டவாளங்களிலும் மண்வெட்டி பிடித்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்கள் கால் நடந்த கணக்கில் ஒரு கடற்கரை பெயர் பெற்றிருக்கிறது என்றால், அந்தக் கடற்கரையைப் புரிந்துகொள்ளும் வழியும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்றைய பயணி வருவது வேறு வழியாக. கோலாலம்பூரிலிருந்து நெடுஞ்சாலை, சிரம்பானில் கிளை பிரியும் கட்டணச் சாலை, அது முடியும் இடத்தில் ஹோட்டல். மறுநாள் காலை தஞ்சோங் துவான் முனைக்கு ஒரு நடை, கலங்கரை விளக்கத்தின் முன் ஒரு படம், மாலையில் திரும்பல். அந்தப் பயணிக்கு மம்பாவ் என்பது கண்ணில் படாத ஊர். சிரம்பானிலிருந்து ராசா தாண்டி, பழைய சாலையில் கடலை நோக்கிப் போகும்போது வரும் சிறிய டவுன் அது. இரண்டு பக்கமும் கடைவரிசை, சீனர் குடியிருப்பு, சுற்றிலும் முன்பு பால்மரக் காடு, அதாவது ரப்பர், பிறகு செம்பனை, இப்போது வீடமைப்பு. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பட்டியல் போட முடியாது. ஆனாலும் நான் சொல்ல வருவது இதுதான்: தஞ்சோங் துவானையும் அதை ஒட்டிய கரையையும் கடற்கரையில் நின்று பார்த்தால் மணலும் தண்ணீரும்தான் தெரியும். மம்பாவிலிருந்து மெல்ல இறங்கிப் போனால்தான் அந்த முனை எதனுடைய முனை என்று விளங்கும்.

அந்தக் கரை தானாக ஊரானதில்லை. உள்நாடு அதை ஊராக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் என்று அழைக்கப்பட்ட சிரம்பான் வட்டாரத்தின் செல்வம் ஈயம். அது லிங்கி ஆற்றில் படகேறிக் கடலுக்குப் போனது. ஆற்றங்கரையில் அதிகாரம் வைத்திருந்த தலைவர்கள் வழியில் வரி கேட்டார்கள், அதற்காகச் சண்டை வந்தது. சுரங்கங்கள் கழித்த மணல் ஆற்றைத் தூர்த்துக்கொண்டே போயிற்று. வடக்கே லுக்குட்டில் சிலாங்கூர் அரச குடும்பத்து ராஜா ஜுமாட் 1840களில் கோட்டை கட்டி ஈயத் தொழிலை நடத்தினார். பிறகு ஆங்கிலேயர் கை ஓங்கியதும் லுக்குட் சுங்கை ஊஜோங்கோடு சேர்க்கப்பட்டது. ஆற்றை நம்ப முடியாத நிலையில் ஒரு தனியார் நிறுவனம் ரயில் போட்டது. 1891இல் சிரம்பானிலிருந்து கடல் வரை சுமார் 39 கிலோமீட்டர் தண்டவாளம் திறக்கப்பட்டது. மலாய் மாநிலங்களின் மிகப் பழைய ரயில் பாதைகளில் அது ஒன்று. 1908இல் அரசு ரயில்வே அதை வாங்கிக்கொண்டது. கடல் முனையில் அராங், அதாவது கரி, என்று அழைக்கப்பட்டிருந்த இடத்துக்கு, நீரிணைக் குடியேற்றங்களின் காலனியச் செயலாளராக இருந்த டிக்சனின் பெயர் சூட்டப்பட்டது. கடலின் அழகுக்காக அங்கே யாரும் ரயில் விடவில்லை. ஈயம் போகவேண்டியிருந்தது, அரிசி வரவேண்டியிருந்தது, அதனால் ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. விடுமுறைக்காரர்கள் பின்னால் வந்தார்கள்.

ரயில் வந்த பிறகு அதன் இரு பக்கமும் தோட்டங்கள் விரிந்தன. ரந்தாவ் பக்கம் லின்சம் போன்ற இடங்களில் முதலில் காப்பி. காப்பி விலை விழுந்ததும் ரப்பர். 1910ஐ ஒட்டிய ரப்பர் விலையேற்றத்தில் லண்டன் பங்குச் சந்தை கொதித்தபோது, அந்தக் கொதிப்பின் அடியில் எரிந்த விறகு நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஆட்கள். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் தலைக்கணக்கில் பணம் வசூலித்துக் கப்பல் செலவைக் கொடுத்தது. கங்காணிகள் தங்கள் ஊருக்கே போய்ச் சொந்தக்காரர்களையும் சாதிக்காரர்களையும் திரட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை இது நடந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, ஆளுக்கொரு நிரை பிடித்து, பட்டையைச் சீவி, பால் பிடிக்க மங்கு வைத்து, வெயில் ஏறியதும் வாளி தூக்கிப் பாலை ஸ்டோருக்குக் கொண்டு சேர்த்தவர்களின் நாட்களால் ஆனது அந்த நிலம். பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில், கணக்கெழுதும் கிராணி ஒரு வீட்டில், துரை மேட்டில். லயத்தில் இருந்தவர்களுக்குக் கடல் தூரமில்லை. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு தடவை லாரியில் போய்ப் பார்க்கும் கடலாக இருந்தது. சோற்றுமூட்டையும் கறிச்சட்டியும் ஏற்றிக்கொண்டு, பாய் விரித்து, சாப்பிட்டு, முட்டிக்கால் நனைத்து, இருட்டுமுன் திரும்பி வருவது. மறுநாள் பெரட்டு இருக்கும்.

இப்போது முனைக்கு வருவோம். தஞ்சோங் துவான் சின்னதொரு நிலநாக்கு, ஏறக்குறைய 80 ஹெக்டேர் காடு. நெகிரி செம்பிலான் கரையில் இருந்தாலும் நிர்வாகத்தில் அது மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். போர்த்துகீசியர் அதைக் காபோ ரஷாடோ என்றார்கள், பிளந்த முனை என்று பொருள். அவர்கள் காலத்திலேயே அங்கே விளக்கேற்றினார்கள் என்பது வழிவழிச் செய்தி. இன்று நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1863ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கட்டியது. 1606 ஆகஸ்டில் இந்த முனைக்கு எதிரே மாட்டலீஃப் தலைமையிலான டச்சுக் கப்பல்களும் கோவாவிலிருந்து வந்த போர்த்துகீசியப் படையும் மோதி, இரு தரப்பிலும் இரண்டிரண்டு கப்பல்கள் எரிந்து மூழ்கின. அவற்றில் ஒன்றான நஸாவ் 1990களில் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டு அகழப்பட்டது. 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இந்த வட்டாரக் கரையில் இறங்கின. இவ்வளவும் முக்கியமான வரலாறுதான். பயணக் கையேடுகள் இதைத்தான் எழுதுகின்றன. ஆனால் இந்த வரலாறு முழுவதும் கடலிலிருந்து கரையைப் பார்க்கிறது. கப்பல்காரனுக்கு முனை ஓர் எல்லைக்கல், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு அக்கறையில்லாத சேதி.

முனையை உள்ளிருந்தும் பார்க்கவேண்டும் என்பதற்கு அந்த முனையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மார்ச்சில் மிக அதிகமாக, சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் வேட்டைப் பறவைகள் மலாக்கா நீரிணையைக் கடந்து இங்கே கரை சேர்கின்றன. பெரும்பாலானவை தேன் பருந்துகள். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் அவற்றை எண்ணுவதை ஒரு திருவிழாவாகவே நடத்திவருகிறது. ஏன் இந்த முனை? அகன்ற சிறகுப் பறவைகள் நெடுந்தூரம் பறப்பது சிறகடித்தல்ல. நிலம் சூடாகி மேலே எழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சறுக்கிச் சறுக்கிப் போவதே அவற்றின் முறை. கடல்மேல் அந்தக் காற்று எழும்புவதில்லை. அதனால் எதிரே ரூப்பாட் தீவிலிருந்து மிகக் குறைந்த தூரம், சுமார் 38 கிலோமீட்டர், எதுவோ அந்த வழியைத் தேர்ந்துகொள்கின்றன. வந்து சேரும்போது களைத்துப்போய் மரத்து உயரத்தில் சிறகடித்தபடி வருகின்றன. முனையின் மேட்டில் கரைச்சூட்டுக் காற்று பிடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று ஏறி உள்நாட்டுக்குப் போய்விடுகின்றன. அந்தப் பறவைக்கு இந்த முனையின் மதிப்பு அதன் பின்னால் இருக்கிற வெயில் காய்ந்த நிலத்தில் இருக்கிறது. கலங்கரை விளக்கத்தடியில் அண்ணாந்து நிற்கிற பயணி, பறவை எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு நிற்காமல் எங்கே போகிறது என்றும் கேட்டால், அவர் பார்வை உள்நாட்டுப் பக்கம் திரும்பும். அங்கேதான் சிலியாவும் மம்பாவும் இருக்கின்றன.

இதற்கு உடனே வரும் மறுப்பு, அங்கே போய்ப் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது என்பது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்ச் சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் என்று நகரங்கள் எழுந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. ரயில் பாதையின் கடைசி வேலை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குச் சரக்கு இழுத்தது, அதுவும் நின்று தண்டவாளத்தில் புல் முளைத்துவிட்டது. மறுப்பில் உண்மை இருக்கிறது. நான் அதைக் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் பழைய சாலையில் கண்ணைத் திறந்துகொண்டு போகிறவருக்குப் பலகைகள் பேசுகின்றன. லின்சம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, பிராட்வால் தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுவா பெத்தோங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, தானா மேரா தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டத்துக்கு எது நேர்ந்தாலும் பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளில் தோட்டமே இல்லாத வீடமைப்புப் பகுதிக்குப் பெயர்ந்த பள்ளியும்கூடத் தன் பழைய தோட்டத்தின் பெயரை விடாமல் சுமந்து போயிருக்கிறது. அந்தப் பெயர்களில் பல துரைமார் வைத்தவை. அவற்றை விட மனமில்லாமல் காத்து வருகிறவர்கள் அந்தத் துரைமாருக்குக் கூலி வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள். இடித்த லயத்தைவிட இது வலிமையான எச்சம் என்று நான் நினைக்கிறேன். கட்டடம் நின்றால் அதற்குக் கல்லும் காரையும் போதும். பெயர் நிற்க வேண்டுமென்றால் தினமும் யாராவது அதைச் சொல்லவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எச்சமும் இந்த நிலத்தில் உண்டு. அது உலகத்துக்கே பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று சாகும் நோய். கிருமி என்றார்கள், மண்ணின் ஈரம் என்றார்கள். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அரசு மருத்துவராக இருந்த பிராடன், சுரங்கத்துச் சீனத் தொழிலாளிகளைத் தாக்கும் இந்த நோய் பக்கத்துத் தோட்டத்துத் தமிழர்களைத் தொடாமல் போவதைக் கவனித்தார். இருவரும் ஒரே காற்றை, ஒரே மண்ணை அனுபவிக்கிறார்கள். வேறுபாடு அரிசியில் இருந்தது. அவர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், நம்மவர்கள் புழுங்கல் அரிசி. பிராடன் 1907இல் இதைப் புத்தகமாக எழுதினார், காரணம் தீட்டிய அரிசியில் இருக்கும் ஏதோ நஞ்சு என்று தவறாக ஊகித்தார். அதே மாநிலத்தில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவா தொழிலாளர் சுமார் 300 பேரை இரு குழுவாக்கி இருவகை அரிசி கொடுத்துப் பார்த்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள், குறைவது தவிட்டோடு போகும் சத்து என்று காட்டினார்கள். வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் குத்தும் பழக்கத்தை மூட்டையோடு கப்பலில் கொண்டு வந்தவர்களால்தான் அந்த விடை கிடைத்தது. இந்தச் செய்தியைக் கடற்கரை ஹோட்டலில் எந்தத் துண்டுப் பிரசுரமும் சொல்வதில்லை. இதே வட்டாரத்தின் சுங்கை நிப்பா என்ற கம்பம் 1999இல் ஒரு கொடிய வைரசுக்குத் தன் பெயரைக் கொடுத்தது. மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேலான பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்தப் பெயரை இன்று உலகம் முழுதும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது லுக்குட்டுக்கு அருகே சிலர் வீடும் தொழிலும் இழந்த ஓர் இடம் என்று தெரிந்து சொல்கிறவர் குறைவு.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. உழைத்துக் களைத்து இரண்டு நாள் விடுப்பெடுத்து வருகிறவரிடம் வரலாற்றுப் பாடம் சுமத்துவது நியாயமா? கடல் பார்ப்பதற்கும் குளிப்பதற்கும்தானே? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் லாரியில் வந்த தோட்டத்து மக்களும் பாடம் படிக்க வரவில்லை, இளைப்பாறத்தான் வந்தார்கள். ஓய்வு அவர்களுக்கு அபூர்வமாகக் கிடைத்த பொருள். ஆகவே ஓய்வெடுக்காதே என்று நான் சொல்லவில்லை. எப்படி வந்து சேர்வது என்பதில்தான் என் வாதம். கட்டணச் சாலை நிமிடங்களை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அது மண்ணை வெட்டி, மேட்டைத் தாழ்த்தி, ஊர்களுக்குப் பின்னால் ஓடுகிறது. பழைய சாலை ஊர்களுக்கு நடுவே ஓடுகிறது. கொஞ்ச நேரம் கூடுதலாகக் கொடுத்தால் பள்ளிப் பலகையும், சாலையோர அம்மன் கோயிலும், ஆற்றுப் பாலமும், செம்பனைப் பழம் ஏற்றிய லாரியும் கண்ணில் படும். அதற்குப் பிறகு கடலில் இறங்குகிற உடம்பு அதே உடம்புதான், ஆனால் அந்தக் கரை வேறு.

மூன்றாவது கேள்வி எனக்கே உறுத்தலான ஒன்று. தோட்டத்துப் பார்வையும் ஒரு குறுகிய பார்வைதானே? தமிழர் வருவதற்கு முன்னே இந்த மண்ணில் தெமுவான் பூர்வகுடிகள் இருந்தார்கள், சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்கள் தாய்வழிச் சொத்துரிமையோடு ஒரு நாட்டையே கட்டினார்கள், ஈயச் சீனர்கள் இருந்தார்கள். ஆம், இருந்தார்கள். அதனால்தான் முனையோடு நிற்காமல் தெற்கே லிங்கிக்கும் பங்காளான் கெம்பாஸுக்கும் போகச் சொல்கிறேன். அங்கே ஷேக் அகமது மஜ்னுவின் கல்லறையருகே ஒரு கல்வெட்டு நிற்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஒரு பக்கம் அரபு வழிவந்த ஜாவி எழுத்து, இன்னொரு பக்கம் காவி எழுத்து. காவி எழுத்தின் வேர் பல்லவ எழுத்து. தோட்டத்துக் கப்பல் புறப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழகக் கரையிலிருந்து இந்தக் கடலில் ஏதோ ஒன்று வந்து வேரூன்றியிருந்ததற்கு அந்த எழுத்து அடையாளம். பக்கத்திலேயே வாள், சுக்கான் என்று மக்கள் பெயரிட்டிருக்கும் நெடுங்கற்கள், அவை யாருடைய வழிபாடு என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு பழையவை. இந்த நிலம் யாருக்கும் தனிச்சொத்தாக இருந்ததில்லை. தோட்டத்து வரலாறு அதில் ஓர் அடுக்கு மட்டுமே. மற்ற அடுக்குகளுக்குக் கல்லும் கோட்டையும் கலங்கரை விளக்கமும் சாட்சியாக இருக்கின்றன. இந்த ஓர் அடுக்குக்குத்தான் பேச்சும் பள்ளிப் பலகையும் தவிர வேறு சாட்சியில்லை. அதற்காகப் பேசுவது மற்றவற்றை மறைப்பதாகாது.

ஏக்கத்தில் எழுதுகிறாய், லயத்துக் காலத்தைப் பொற்காலமாக்குகிறாய் என்ற குற்றச்சாட்டையும் கேட்டிருக்கிறேன். லயம் பொற்காலமில்லை. ஒரே அறையில் ஒரு குடும்பம், மலேரியா, கடன், கள்ளுக்கடை, ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனது, அப்படிப் போனவர்களில் பலர் திரும்பாதது, பிறகு தோட்டம் விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போனது. சிரம்பானில் நெகிரி செம்பிலான் இந்தியர் தொழிலாளர் சங்கத்தில் தொடங்கிய பி. பி. நாராயணன் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமைச் செயலாளராக வந்தது இந்தத் துன்பத்தின் பின்னணியில்தான். துண்டாடலைத் தடுக்க 1960இல் அரசியல் தலைவர் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் கண்டு, தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கியதும் அப்படியே. ஏக்கம் துன்பத்தை மறக்கும். நான் கேட்பது அந்தத் துன்பம் நடந்த இடத்தைப் பெயர் சொல்லிக் கடந்து போகவேண்டும் என்பது.

அந்த மக்கள் கடலை விட்டுவிடவும் இல்லை. இறந்தவரின் அஸ்தியைக் கரைக்க மம்பாவ், ரந்தாவ், சிரம்பான் குடும்பங்கள் போவது போர்ட்டிக்சன் கடலுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பக்கம் மண்பானையும் தேங்காயும் பூவுமாக வெள்ளை வேட்டிக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். சற்றுத் தள்ளி அதே மணலில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருப்பார்கள். எதிரே தெரிவது அவர்களுடைய பாட்டன்மார் கப்பலில் வந்த நீரிணை. எந்தக் கட்டையில் என்று கேட்டால் இரண்டு பக்கத்தாரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள்.